மூட்டை தூக்குபவர்வரை கேட்டு முடிவெடுப்பது எப்படி? சேலத்து ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டி

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தோண்டிய மறுநாளே மெல்லக் கெட ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்தால் உள்ளே கருநீலக் கோடு ஓடியிருக்கும், மாவும் குறையும். அதனால் சீசனில் கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது ஜவ்வரிசி ஆலை முதலாளிக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: அரைப்பைக் காலை 6 மணிக்குப் பதில் 4 மணிக்கே தொடங்கிவிடலாம். ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் இது இரண்டு மணி நேரக் கணக்கு. தோல் சீவும் பெண்களுக்கோ, முதல் பஸ் வருவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பும் கணக்கு. மாவு படியவிடும் தொட்டியில் நிற்பவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. நேற்றுப் படிந்த மாவை வெட்டி எடுத்து, தொட்டியைக் கழுவிவிடாமல் இன்றைய பாலை, அதாவது கிழங்கை அரைத்து வடித்த மாவுத் தண்ணீரை, அதில் விட முடியாது. கிழங்கு அரைக்கும் மெஷினான ராஸ்பர் 4 மணிக்கு ஓடினால் அவர் 2 மணிக்கே தொட்டியில் இறங்க வேண்டும். இடிப்பது ராஸ்பர் அல்ல, தொட்டி என்பது மேனேஜரின் தாளில் இருக்காது. தொட்டிக்காரருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் "நீங்க சொன்னா சரிங்க" என்றுதான் சொல்வார்.

அந்த "சரிங்க"வைத் தாண்டி உண்மையான பதிலை வாங்குவது எப்படி, வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். 50 முதல் 150 பேர் வரை வேலை செய்யும் ஆலையை மனத்தில் வைத்து எழுதியது இது. மேலே சொன்ன 4 மணி மாற்றத்தையே கடைசிவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நூற்பாலை, விசைத்தறிக் கூடம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்றால் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். காபித் தோட்டத்துக்கு மட்டும் சில விஷயங்கள் வேறு. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எது பேச்சுக்கு உரியது, எது இல்லை

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் இதை எழுதிவிடுங்கள். முடிவுகள் நான்கு வகை. முதலாவது, நிர்வாகம் எடுத்துவிட்டுக் காரணத்தோடு சொல்வது. வங்கிக் கடன், எந்த வியாபாரியிடம் விற்பது போன்றவை இதில் வரும். இரண்டாவது, எல்லோரையும் கேட்டுவிட்டு நிர்வாகம் எடுப்பது. புது மெஷின் வாங்குவது, அதை எங்கே வைப்பது இந்த வகை. மூன்றாவது, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டுமே நடப்பது. வேலை நேரம், ஷிப்ட், வாராந்திர விடுமுறை ஆகியவை இங்கே. நான்காவது, வேலை செய்பவர்களிடமே விட்டுவிடுவது. காயவைக்கும் களத்தில் யார் எந்தப் பாத்தியைப் பார்ப்பது, நூற்பாலையில் எந்த ஃபிரேமுக்கு எந்த நாள் டிராவலர் (நூலை முறுக்கிச் சுற்ற உதவும் சின்னக் கம்பி வளையம்) மாற்றுவது, சாப்பாட்டுக்கு யார் முதலில் போவது என்பதையெல்லாம் மேஸ்திரியும் ஆட்களும் முடித்துக்கொள்வார்கள். நிர்வாகம் அதில் மூக்கை நுழைக்கத் தேவையில்லை.

பெரும்பாலான ஆலைகளில் கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் வகை முடிவை எடுத்து முடித்துவிட்டு, இரண்டாம் வகை போல ஒரு கூட்டம் போடுவார்கள். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அஸ்திவாரம்கூடத் தோண்டியாயிற்று, அப்புறம் "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். ஆட்களுக்கு இது தெரியாமல் போகாது. அட்வான்ஸ் கொடுத்த செய்தி கூட்டத்துக்கு முன்பே டீக்கடைக்கு வந்திருக்கும். முடிவாகிவிட்டது என்றால் முடிவாகிவிட்டது என்று சொல்லுங்கள். அதில் மிச்சமிருக்கும் கேள்விகளை மட்டும் கேளுங்கள்: எங்கே நிறுத்துவது, யாருக்கு முதலில் பழக்கிக் கொடுப்பது, பழைய மெஷினில் நின்றவருக்கு என்ன வேலை.

பேச்சுக்கே வராதவையும் உண்டு. குறைந்தபட்சக் கூலி, ராஸ்பர் பல்லுக்கும் பெல்ட்டுக்கும் போடும் மூடி, ஜவ்வரிசியை வெளுக்க மருந்து கலக்கக் கூடாது என்ற விதி, இவற்றை ஓட்டுக்கு விடக் கூடாது. "எல்லாரும் சேர்ந்து மூடியைக் கழட்டிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்பது முடிவே அல்ல. மூடியை எப்படிச் செய்தால் கிழங்கு சிக்கும்போது சீக்கிரம் திறந்து மூடலாம் என்பதைக் கேளுங்கள். அதற்கு மெஷினில் நிற்பவரைவிட நல்ல யோசனை யாரிடமும் கிடைக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது

தொழிலாளர் நிர்வாகத்தில் பங்கேற்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 43ஏ பிரிவிலேயே இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்தார்கள். அது அரசுக்குச் சொன்ன வழிகாட்டுதல். ஆலைக்கு நேரடியாக வருவது 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இதில் நமக்கு வேண்டியவை மூன்று. 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் இருந்தால் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேரைத் தாண்டக் கூடாது. தலைவர் பதவி ஒரு வருடம் நிர்வாகத்துக்கு, அடுத்த வருடம் தொழிலாளர்களுக்கு. ஆலையில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும். களத்திலும் தோல் சீவலிலும் பாதிக்கு மேல் பெண்களை வைத்துக்கொண்டு குழுவில் ஒரே ஒரு பெண்ணைப் பேருக்கு உட்கார வைத்தால் செல்லாது. மனு வந்து 30 நாளுக்குள் முடித்தாக வேண்டும்.

இரண்டாவது, 100 பேர் கணக்கு. முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 100 தொழிலாளர் இருந்திருந்தாலும், நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த தொழிற்குழு அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். சீசன் ஆலைகள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைக்கு 40 பேர்தான் என்பது பதிலாகாது.

மூன்றாவது, மாற்ற அறிவிப்பு. வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட், கூலி முறை போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிலாளர்களோடு முறையாக ஒப்பந்தம் போட்டு மாற்றினால் அந்த அறிவிப்பு தேவையில்லை. அவசரமாக ஷிப்டை மாற்ற வேண்டியிருந்தால் குறைதீர்ப்புக் குழுவைக் கலந்துகொண்டு செய்யவும் வழி இருக்கிறது. நம் 4 மணி மாற்றம் இதற்குள்தான் வருகிறது. அதோடு, பெண்கள் காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வேலை செய்ய அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். அந்த 21 நாளைத் தண்டனையாக நினைக்காதீர்கள். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

சரக்கின் பின்னாலேயே நடங்கள்

யாரையெல்லாம் கேட்பது என்பதற்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்க்காதீர்கள். சரக்கு போகும் பாதையில் நடங்கள். எடை மேடை, இறக்கும் இடம், தோல் சீவல், கழுவல், ராஸ்பர், சல்லடை, தொட்டி, ஈர மாவு, குருணை ஆட்டும் இடம், வறுக்கும் அடுப்பு, களம், பாலிஷ், மூட்டை. ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு கேள்வி: இந்த மாற்றத்தால் இங்கே நிற்பவருக்கு என்ன மாறும்? பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி நடந்தால்தான் ரிஜிஸ்டரில் இல்லாதவர்கள் கண்ணில் படுவார்கள்: காண்டிராக்ட் லோடுமேன்கள், திப்பி (மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) அள்ள வருபவர், இரவு வாட்ச்மேன், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலைக்குள்ளேயே தங்கியிருக்கும் பையன்களுக்குச் சமைப்பவர். 4 மணிக்கு வேலை என்றால் அந்தச் சமையல்காரர் 2:30க்கு எழ வேண்டும். அவரை விட்டுவிட்டால் முதல் வாரமே வெறும் வயிற்றில் மெஷின் முன்னால் நிற்பார்கள். தூக்கக் கலக்கத்தோடு பசியும் சேர்ந்தால் விரல் போகும்.

மேஸ்திரியை முதலில் உட்கார வையுங்கள்

எந்த மாற்றமும் செத்துப்போகும் இடம் நடுவில்தான். முதலாளிக்கு ஆசை இருக்கும், ஆட்களுக்குப் பேச விஷயம் இருக்கும். மேஸ்திரியும் சூப்பர்வைசரும் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஆட்கள் நேராக முதலாளியிடம் பேசினால் அவர்களுக்கு இழப்பு இருக்கிறது. யாருக்கு ஓவர்டைம், யாருக்கு நிழலில் வேலை, யாருக்கு லீவு என்று இதுவரை அவர்கள் சொன்னதுதான் நடந்தது. இனி கூட்டத்தில் ஒரு சின்னப் பையன் எழுந்து "அண்ணனுக்கு அந்த மோட்டார் ரிப்பேர்னு ஒரு மாசமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டால் மானம் போகும்.

அதனால் ஆட்களைக் கூப்பிடுவதற்கு குறைந்தது இரண்டு நாள் முன்பு மேஸ்திரிகளோடு மட்டும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். என்ன மாற்றம், ஏன், எது முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். அவர்களுடைய ஆட்சேபத்தை முதலில் வாங்குங்கள். பிறகு இரண்டு வாக்குறுதி கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஒன்று, கூட்டத்தில் வரும் எந்தக் குறையையும் வைத்து எந்த மேஸ்திரியையும் அங்கேயே விசாரிக்க மாட்டோம். இன்னொன்று, ஆட்கள் சொன்ன யோசனைக்குப் பதில் அந்தப் பகுதி மேஸ்திரியின் வாய் வழியாகவே போகும். முதலாளி நேராகப் போய் "நீ சொன்னதைச் செஞ்சுட்டேன்பா" என்று தோளில் தட்டினால் பையனுக்கு அன்றைக்குச் சந்தோஷம். மேஸ்திரியிடம் அவன் அடுத்த மாதம் முழுக்க அனுபவிப்பான்.

பதிவு பெற்ற சங்கம் இருந்தால் மேஸ்திரிக்கும் முன்னால் அவர்களிடம் பேச வேண்டும். சங்கத்தை ஓரங்கட்டத்தான் இந்தக் கூட்டம் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அதோடு முடிந்தது.

கேட்கும் விதம்

மொத்த ஆலையையும் களத்தில் உட்கார வைத்து மைக்கில் கேட்டால் நான்கு பேர் பேசுவார்கள், அதே நான்கு பேர்தான் எப்போதும் பேசுவார்கள். 8 முதல் 12 பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள், ஒரே வேலை செய்பவர்கள் ஒரே குழுவில். ஒரு குழுவுக்கு 15 நிமிடம். முதல் சுற்றில் அவர்களுடைய மேஸ்திரி இருக்க வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கேட்பவரும் பெண்ணாக இருந்தால் பஸ், கழிப்பறை, இருட்டு, குழந்தை பற்றிய பேச்சு தானாக வரும். ஆண் மேனேஜர் முன்னால் அது வராது.

நேரம் முக்கியம். வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் எல்லார் கண்ணும் கேட்டில் இருக்கும். ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே, கூலியோடு வையுங்கள். 80 பேருக்கு 15 நிமிடம் என்றால் 20 மணி நேர உழைப்பு, இரண்டரை ஆள்கூலி. யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டு ஒரு நாள் ராஸ்பர் நிற்பதைவிட இது மலிவு. பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அந்த 15 நிமிடத்துக்குச் சராசரி கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கொலுசுப் பட்டறையில் இதை விட்டால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தையும், வெளிமாநிலப் பையன்கள் ஊருக்குப் போகும் நாள்களையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

இடம் ஆபீஸ் அறை வேண்டாம். நாற்காலியில் ஒருவர், எதிரே நிற்பவர்கள் பத்துப் பேர் என்று அமைந்தாலே பதில் எழுதி வைத்தது போலத்தான் வரும். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்காருங்கள். தொட்டிக்காரரைத் தொட்டிக்குப் பக்கத்தில் கேட்டால் வாயால் சொல்ல வராததைக் கையால் காட்டுவார்: "இந்த மட்டம் வரைக்கும் பால் தெளியோணும். அதுக்கு முன்னால மேல் தண்ணியத் திறந்தா மாவும் சேந்து போயிருமுங்க."

இனி கேள்வி. "என்ன நினைக்கிறீங்க?" என்பது பயனில்லாத கேள்வி. நினைப்பதைச் சொல்வதில் ஆபத்து உண்டு, வேலையைப் பற்றிச் சொல்வதில் இல்லை. இப்படிக் கேளுங்கள்:

"4 மணிக்கு மெஷின் ஓடுனா உங்க வேலையில மொதல்ல எது இடிக்கும்?"

"இப்ப 6 மணிக்கு ஆரம்பிக்கறப்பவே எதுக்காகக் காத்திருக்கறீங்க?"

"லாரி நிக்காம இருக்கோணும்னா, நேரத்தை மாத்தாம வேற என்ன செய்யலாம்?"

மூன்றாவது கேள்விதான் பொன். முதலாளி கொண்டுவந்த தீர்வை ஒதுக்கிவிட்டு அவருடைய பிரச்சினையை மட்டும் முன்னால் வைக்கிறது. இந்தக் கேள்வியில்தான், எடை மேடைக்காரர் "முந்தின நாள் சாயங்காலமே வண்டிக்கு டோக்கன் குடுத்துட்டா எல்லாரும் ஒரே நேரத்துல வரமாட்டாங்க" என்பார். தொட்டிக்காரர் "இன்னொரு தொட்டி இருந்தா 6 மணிக்கே ஓட்டலாம்" என்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 20 விநாடி மௌனம் சங்கடமாக இருக்கும், யாராவது ஒருவர் அதை உடைப்பார். நீங்களே உடைத்தால் பேச்சு முடிந்துவிடும்.

இந்தி, ஒடியா பேசும் ஆட்களுக்கு மொழிபெயர்க்க, அவர்களை அழைத்துவந்த ஏஜெண்டைப் பயன்படுத்தாதீர்கள். அவருக்குத் தன் கமிஷன் இருக்கிறது, குறையெல்லாம் அவர் வாயில் "சப் டீக் ஹை", அதாவது எல்லாம் சரி, ஆகிவிடும். அவர்களிலேயே தமிழ் பழகிவிட்ட ஒருவரைப் பிடியுங்கள். இரண்டு மூன்று சீசன் வந்தவர்களில் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அங்கேயே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். யார் சொன்னது என்று பெயர் போட வேண்டாம், பகுதியின் பெயர் போதும்.

கணக்கைக் காட்டாமல் யோசனை கேட்காதீர்கள்

விலை தெரியாதவரிடம் செலவைக் குறைக்க வழி கேட்பதில் அர்த்தமில்லை. சேகோசர்வ் என்று எல்லோரும் சொல்லும், ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு சங்கம் 1981 முதல் இருக்கிறது. அங்கே மாதிரி வைத்து டெண்டரில் விற்கும் ஆலையென்றால், நல்ல லாட் என்ன விலைக்குப் போனது, குருணை ஒழுங்கில்லாத லாட் என்ன விலைக்குப் போனது என்ற இரண்டு சீட்டையும் களத்துப் பெண்களிடம் காட்டுங்கள். இரண்டு மாதிரியையும் கையில் கொடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேனர் கட்டிச் சொல்வதைவிட இந்த இரண்டு சீட்டு அதிகம் பேசும். லாபக் கணக்கு முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. இந்த முடிவுக்குத் தேவையான மூன்று நான்கு எண்கள் போதும்: லாரி சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கிறது, அதனால் கிழங்கில் என்ன கழிகிறது, ஒரு புதுத் தொட்டிக்கு என்ன செலவு.

கரும்பலகையும் ஏழு நாளும்

ஆலோசனைப் பெட்டி வைக்காதீர்கள். பூட்டிய பெட்டி துருப்பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மட்டும் போடுவார், போட்டது என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. டீ குடிக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். நான்கு பத்தி: என்ன சொன்னார்கள், யார் பார்க்கிறார், எந்தத் தேதிக்குள், என்ன ஆனது. கடைசி மூட்டை ஏற்றுபவர் பார்க்கும் உயரத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வாரம் ஒரு நாள் அதை ஒருவர் வாய்விட்டு வாசிக்கவும் வேண்டும்.

சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏழு நாளுக்குள் ஒரு பதில். "செய்கிறோம்", "செய்ய முடியாது, காரணம் இது", "இந்தத் தேதிக்குள் பார்த்துச் சொல்கிறோம்", இந்த மூன்றில் ஒன்று. மூன்றாவது பதிலை ஒரு விஷயத்துக்கு ஒருமுறைக்கு மேல் சொல்லக் கூடாது.

இதில் சறுக்குபவர்கள்தான் அதிகம். "முடியாது" என்று சொல்ல வாய் வராமல் "பார்க்கலாம்" என்பார்கள். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்றுதான் பொருள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியாது, அதுதான் உறுத்தும். "புதுத் தொட்டிக்கு இடம் இருக்கு, இந்த சீசன்ல பணம் இல்ல, சீசன் முடிஞ்சதும் கட்டறோம், அதுவரைக்கும் டோக்கன் முறை" என்று நேராகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். நிராகரித்தது பெரிய விஷயமே இல்லை. பதில் வராததுதான் அடுத்த முறை எல்லோர் வாயையும் மூடிவிடும்.

முதல் பத்து நாளில், சொன்னவற்றில் சிறிய இரண்டையாவது செய்து முடித்துவிடுங்கள்: இறக்கும் இடத்தில் ஒரு லைட், பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், களத்து ஓரத்தில் நிழலுக்கு ஒரு ஷீட். பெரிய முடிவு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் நிஜமாகத் தொடங்கும்.

முடிவை எடுப்பது

எல்லாக் குழுக்களும் பேசி முடித்ததும் பகுதிக்கு ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். அவர்கள், மேஸ்திரிகள், மேனேஜர், முதலாளி ஒன்றாக உட்கார வேண்டும். வந்த யோசனைகளை இரண்டு அல்லது மூன்று வழிகளாகச் சுருக்குங்கள். நம் உதாரணத்தில் இப்படி வரலாம்: முதல் வழி, எல்லோருக்கும் 4 மணி, ஆலை வேன். இரண்டாம் வழி, 6 மணிதான், வண்டிக்கு மாலை டோக்கன், சீசன் முடிந்ததும் புதுத் தொட்டி. மூன்றாம் வழி, தொட்டியிலும் ராஸ்பரிலும் மட்டும் விரும்பி வருபவர்களுக்கு 4 மணி, முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதல் கூலி. அப்போது அரைக்கத் தோல் சீவிய கிழங்கு முந்தைய மாலையே தயாராக இருக்குமா என்ற கேள்வி எழும். சீவி வைத்த கிழங்கு ராத்திரியில் கறுக்கும் என்று சீவும் பெண்கள் சொன்னால் அந்த வழி அங்கேயே அடிபடும்.

கையைத் தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள், கை தூக்குவதை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருப்பார். எழுதத் தெரியாதவருக்கும் ரகசியம் காக்க ஒரு எளிய முறை உண்டு. இரண்டு வழிகளுக்கு இடையில் முடிவு என்றால், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை கொடுங்கள். முதல் வழிக்குப் புளி, இரண்டாம் வழிக்கு வேம்பு. மறைப்புக்குப் பின்னால் வாய் சிறிதாக்கி மூடிய இரண்டு டப்பா. வேண்டியதை ஓட்டு டப்பாவிலும் மிச்சத்தைக் கழிவு டப்பாவிலும் போட வேண்டும். கழிவு டப்பாவை வைக்க மறந்தால் கையில் எது மிஞ்சியது என்பதைப் பார்த்து ஓட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணும்போது தொழிலாளர் தரப்பில் இருவர் உடனிருக்கட்டும். தோற்ற தரப்பு ஒரே பகுதியாக இருந்தால், உதாரணமாகத் தோல் சீவும் பெண்கள் மொத்தமும் எதிராகப் போட்டிருந்தால், பெரும்பான்மை என்று அடித்துப் போகாதீர்கள். அந்தச் சுமை முழுவதும் விழுவது அவர்கள் தலையில்தான். அவர்களை மட்டும் மறுபடி உட்கார வைத்து என்ன கொடுத்தால் ஒத்துவரும் என்று கேளுங்கள். சட்டத்திலும் குறைதீர்ப்புக் குழு முடிவுக்கு மொத்தப் பெரும்பான்மை மட்டும் போதாது, தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

முடிவு எதுவானாலும் முதல் இரண்டு வாரம் சோதனை என்று அறிவியுங்கள். தொடங்குவதற்கு முந்தைய வாரமே பழைய முறையில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அளக்க வேண்டியவை அதிகம் இல்லை: லாரி கேட்டுக்கு வந்த நேரம், இறக்கி முடித்த நேரம், மாலையில் காயாமல் மிஞ்சிய மாவு எத்தனை தட்டு, ஷிப்ட் தொடக்கத்தில் வராதவர்கள் எத்தனை பேர். ஒன்றை மட்டும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் என்பார்கள், அல்லது வேனில் எத்தனை பேருக்கு உட்கார இடமில்லை என்பார்கள். அதையும் அதே தாளில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

சோதனையை நடுவில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் முன்பே தெரிய வேண்டும். கையோ காலோ மாட்டினால், வேன் இரண்டு நாள் வராவிட்டால், எந்த மேஸ்திரியும் எந்தப் பிரதிநிதியும் பழைய நேரத்துக்குத் திருப்பலாம் என்று எழுதிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை நடுவில் களம் காயாத நாள்களைத் தனியாகக் குறியுங்கள். மழை கெடுத்ததை மாற்றம் கெடுத்ததாகச் சொல்லவும் கூடாது, மாற்றம் கெடுத்ததை மழை மேல் போடவும் கூடாது.

ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை, சரிவுகளில் சிதறியிருப்பார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்பது காலைப் பெரட்டில், அதாவது ஆஜர் எடுக்கும் வேளையில், மட்டும்தான். பெரட்டு ஆள் பிரிக்கும் நேரம், அங்கே பேச்சை ஆரம்பிக்காதீர்கள். எந்த விஷயம், எப்போது என்று மட்டும் அறிவித்துவிட்டு, மதியம் எடை போடும் இடத்தில் பேசுங்கள்.

அறுவடையில் சண்டை பெரும்பாலும் இரண்டில்தான்: எடை, பழுத்த பழம். பழுத்ததை மட்டும் பறிக்கச் சொன்னால் விலை கூடும். ஆனால் கை வேகம் குறையும், கிலோக் கணக்கில் கூலி என்றால் பறிப்பவருக்கு நஷ்டம். பழத் தரத்தைப் பேசுவதும் கிலோ ரேட்டைப் பேசுவதும் ஒரே கூட்டத்தில் நடக்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைப் பேசினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எடை மேடை எங்கே என்பதைப் பறிப்பவர்களே முடிவு செய்யட்டும். மூட்டையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறுவது அவர்கள்தான். தினமும் எடை தொடங்கும் முன் தெரிந்த எடையுள்ள படிக்கல்லை வைத்து அவர்களில் ஒருவர் தராசைச் சரிபார்க்கட்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதை சீசன் தொடக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். அன்றைக்குப் பறித்த பழத்தை அன்றைக்கே பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினில் விட வேண்டியிருப்பதால், கடைசி எடை நேரத்தை மாற்றும்போது பல்ப்பர் வீட்டு ஆட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தோட்டத்தில் அதிகம் மறக்கப்படுபவர்கள் அவர்கள்தான்.

பிரதிநிதிகளைப் பற்றி

பிரதிநிதியாகப் பேசியவரை அடுத்த மாதமே வேறு ஷெட்டுக்கு மாற்றினால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஆலையே அதைத் தண்டனை என்றுதான் படிக்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் அவரையும் இன்னொரு பிரதிநிதியையும் வைத்துப் பேசிவிட்டு மாற்றுங்கள். கூட்டத்துக்கு வரும் நேரம் வேலை நேரம், கூலி உண்டு. பதவி ஒரு வருடம். அதே ஆள் மூன்றாவது முறை வந்தால், அவர் உண்மையிலேயே பிடித்தமானவரா, இல்லை வேறு யாரும் பயத்தில் நிற்கவில்லையா என்று விசாரியுங்கள்.

சீசன் ஆலையில் ஆட்கள் போய்விடுவார்கள், அடுத்த சீசனில் பாதிப் பேர் புதியவர்களாக இருக்கலாம். சீசன் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு கரும்பலகையில் முடியாமல் கிடப்பவற்றை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, பிரதிநிதிகளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுங்கள். புதுத் தொட்டி கட்டுவதாகச் சொல்லியிருந்தால், ஆட்கள் இல்லாத அந்த மாதங்கள்தான் கட்டுவதற்குச் சரியான நேரம். அடுத்த சீசனின் முதல் வாரத்தில் புதுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்ததும் முதல் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், கூட்டத்தைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.